முள்ளை மடக்காத கவசராயன்

ஆற்று மடுவின் அடியில் கவசராயன் என்றொரு கெளுத்தி இருந்தான். மற்றக் கெளுத்திகளுக்கு வழவழத்த தோல். இவனுக்கோ தலை முதல் வால் வரை எலும்புத் தகடு. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள். பயம் வந்தால் மூன்றையும் விறைத்துக்கொள்வான்.

தின்பது என்னவோ பாசியும் சேறும்தான். பேச்சைக் கேட்டால் ஆற்றையே இவன்தான் தாங்குகிறான் என்று தோன்றும்.

இந்த மிதப்புக்கு ஒரு காரணம் உண்டு. ஒருநாள் நீர்க்காகம் ஒன்று இவனை லபக்கென்று கவ்வியது. இவன் நடுநடுங்கி முள்ளை விறைத்தான். தொண்டையில் குத்தவும் அது கக்கிவிட்டுப் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து இவனுக்குத் தலைகால் புரியவில்லை. நீர்க்காகத்தோடு போர் செய்து விரட்டியதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான்.

இவன் ஏச்சுக்கு அதிகம் ஆளானது பக்கத்து மணலில் இருந்த அயிரை. விரல் நீளம்கூட இல்லாத மீன். மேலே நிழல் விழுந்தாலே மணலுக்குள் புதைந்துகொள்ளும். நெளிவதும் ஒளிவதும் ஒரு பிழைப்பா என்று அதைக் கண்டபோதெல்லாம் ஏளனம் செய்தான். அயிரை எதிர்த்துப் பேசாது. உயிரோடு இருக்கிறோமே, அதுவே போதும் என்று இருந்துவிடும்.

கோடை வந்தது. ஆறு வற்றி, மடுவில் மட்டும் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. ஒரு காலையில் மீனவர்கள் இருவர் வலையோடு இறங்கினார்கள். வலை அடிமணலை உரசிக்கொண்டு வந்து அயிரையையும் கவசராயனையும் சேர்த்து வளைத்தது. அயிரை ஒரே நெளிவில் வெளியே போய்விட்டது. போனது திரும்பிப் பார்த்தது. இத்தனை நாள் ஏசினவன்தான், ஆனாலும் அதற்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, முள்ளை மடக்குங்க. வலைக் கண்ணு பெரிசு. மடக்கினா நீங்களும் நழுவி வந்துடலாம்."

"நீர்க்காகத்தையே கக்க வெச்சவன் நான். இந்த நூலுக்கா மடக்குவேன்?"

அந்த மேதாவி மூன்று முள்ளையும் நன்றாக விறைத்தான். முள்ளுக்கு முள் நூல் சுற்றிக்கொண்டது. வலையை மேலே இழுத்தபோதுதான் ஆபத்து உறைத்தது. இப்போது மடக்கப் பார்த்தான். சுற்றிய நூல் விடவில்லை.

கரையில் மீனவர்கள் கெண்டைகளைக் கூடையில் போட்டார்கள். கவசராயனைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்கள். குழம்புக்கும் ஆகாது, வலையையும் கிழிக்கிறது என்று திட்டிக்கொண்டே நூலை அறுத்து, அவனைச் சுடுமணலில் வீசினார்கள்.

தண்ணீர் கண்ணெதிரே கிடந்தது. புரண்டு போகப் பார்த்தான். பயத்தில் விறைத்த முள் மணலில் குத்தி நின்றது. அந்த நேரம் பார்த்து அதே நீர்க்காகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கவசராயன் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி இன்னும் விறைத்தான்.

நீர்க்காகம் அவனை மேலும் கீழும் பார்த்தது.

"பயப்படாதே. உன்னை இனி யாரும் தின்ன மாட்டாங்க."

சொல்லிவிட்டு, கூடையிலிருந்து தவறி விழுந்த ஒரு கெண்டையைக் கொத்திக்கொண்டு பறந்துபோனது. உச்சிவெயில் ஏறுவதற்குள் கவசராயன் விறைத்த முள்ளோடு காய்ந்துபோனான். மடுவில் அயிரை மணலை உதறிக்கொண்டு வெளியே வந்து இரை தேடியது.

ஒருமுறை உயிரைக் காத்த வித்தையையே பெருமையாக்கி எல்லா ஆபத்துக்கும் அதையே நீட்டுகிறவனை, அந்த வித்தையே ஒருநாள் கொன்றுவிடும்.