முதலில் வரும் கோப்பு

நூல் மில்லில் வேலை செய்யும் எல்லாருடைய மருத்துவக் காகிதங்களை மட்டும் தனி பீரோவில் பூட்டி வைத்திருந்தாள், கோப்பு அறை செங்கமலம். புது மேனேஜர் அனந்தநாராயணனுக்கு அது பொறுக்கவில்லை.

"எவளுக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? எல்லாத்தையும் பொது அலமாரிக்கு மாத்து. நாளைக்குள்ள முடிக்கலேன்னா உனக்கு வேலை கிடையாது!"

"இப்பவே மாத்திடறேன் சார்" என்று போனவள், ஒரே ஒரு கோப்போடு திரும்பி வந்தாள்.

"அகர வரிசைப்படி அடுக்கணும். உங்களோடதுதான் சார் முதல்ல வருது. பொது அலமாரியை எல்லாரும் புரட்டுவாங்க. வச்சிடட்டுமா?"

மேனேஜர் பாய்ந்து கோப்பைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீ படிச்சியா?"

"ஒட்டின உறை ஒட்டினபடியே இருக்கு, பாருங்க சார்."

பீரோச் சாவி இன்றும் செங்கமலத்தின் இடுப்பில்தான். மேனேஜருக்கு என்ன நோவு என்று மில்லில் ஒருவருக்கும் தெரியாது, அவளுக்கும்தான்.