ஏழாம் நம்பர் காடு

"ரெண்டு வருஷமாச்சு அம்மா. இனி நான் வரமாட்டேன்."

ஆறுமுக நயினார் குடிசைக்கு வெளியே நின்றபடியே இதைச் சொன்னார். மலைப்பாதையில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கோபத்திலும் வாங்கியது.

மாடத்தியம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"சரிங்கய்யா."

"சரியா? ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

நயினாருக்கு அறுபத்துமூன்று வயது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடத்தியம்மாவுக்கு நாற்பதுதான் இருக்கும். வெள்ளியருவி தேயிலை எஸ்டேட்டில் பதினைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்த ஓடைக்கரைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். காரணம் யாருக்கும் தெரியாது. மனசு கனத்தவர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். சிலர் தெளிந்து போனார்கள். பலர் எரிச்சலோடு போனார்கள்.

நயினார் எரிச்சலோடு போய்விட்டு, மறுவாரமே திரும்பி வருகிறவர்.

"முதல் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மனுஷன் போன பிறகும் அவன் பேர் நிக்கணும்னா எப்படி வாழணும்? நீங்க தண்ணி எடுத்துட்டு வரச் சொன்னீங்க. எடுத்து வந்தேன். மறுபடி கேட்டேன். கூரையில ஓட்டை இருக்குன்னீங்க. அடைச்சேன். தாசில்தாரா இருந்தவன் அம்மா நான்! என் வீட்டுக் கூரையிலகூட நான் ஏறினதில்லை."

"நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க. இந்த மழைக்கு ஒழுகலை."

நயினார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க பதில் இனி வேண்டாம். நானே கண்டுபிடிச்சிட்டேன். காஸ்டன் துரை! யானையும் புலியும் திரிஞ்ச மலையில தன்னந்தனியா ஏறி வந்து இந்தத் தோட்டத்தை உண்டாக்கின மனுஷன். நூத்திநாப்பது வருஷமாகியும் பேர் நிக்குது. அவர் வாழ்க்கையைப் புத்தகமா எழுதிட்டேன். அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மாடத்தியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"துரை பங்களாவுக்குள்ள நான் போனதே இல்லைங்கய்யா. காட்டுறீங்களா?"

*

பங்களா இப்போது காட்சிக்கூடமாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் போவார்கள். அன்று தூறல். யாரும் இல்லை. காவலாளி தங்கையா கதவைத் திறந்துவிட்டார்.

நயினார் ஒவ்வொன்றாகக் காட்டினார். துரையின் துப்பாக்கி. துரையின் குதிரைச் சேணம். சீமையிலிருந்து கப்பலில் வந்த பியானோ.

"இம்மாம் பெரிசை எப்படி மலைக்குக் கொண்டாந்தாங்க?"

"அப்ப ஏது ரோடு? தலைச்சுமைதான்."

"துரை தலையிலயா?"

"துரை எதுக்கம்மா சுமக்கிறார்? நீங்க கேக்குற கேள்வி இருக்கே!"

நயினார் விறுவிறுவென்று அடுத்த சுவருக்குப் போனார். அங்கே ஒரு பழைய போட்டோ. துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர் நின்றிருந்தார்.

"இது யாருன்னு தெரியுதா? சங்கரலிங்க நயினார். என் தாத்தாவுக்கு அப்பா. இந்தத் தோட்டத்துக்குப் பெரிய கங்காணி. ஊர் ஊராப் போய் ஆள் சேர்த்துக் கொண்டு வந்ததே அவர்தான். புத்தகத்துல அவருக்குன்னு தனி அத்தியாயம் வச்சிருக்கேன்."

மாடத்தியம்மா போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு நாற்காலி இல்லையாக்கும்," என்றார்.

நயினார் பல்லைக் கடித்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் துரையின் நாட்குறிப்பு விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. படிச்சுச் சொல்லுங்கய்யா."

நயினார் தமிழாக்கிப் படித்தார். "ஜூன் ஒன்பது. விடாத மழை. நாற்று நன்றாகப் பிடித்துவிட்டது. இந்த வாரம் பதினோரு கூலிகள் போய்விட்டார்கள். இன்னும் நாற்பது பேர் வேண்டும்."

"எங்க போனாங்க?"

"யாரு?"

"பதினோரு பேர்."

நயினார் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறார். 'பதினோரு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டனர்' என்று புத்தகத்தில் எழுதியும் இருந்தார்.

குனிந்து மறுபடி பார்த்தார். அதற்கு மேலே, முந்தைய நாள் குறிப்பில், காய்ச்சல் என்ற சொல் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருந்தது.

"செத்துப் போனாங்க அம்மா."

"சரிங்கய்யா. எங்க?"

"அது இதுல எழுதலை! எழுதாததை நான் எங்க போய்த் தேடுவேன்?" குரல் கூடத்தில் எதிரொலித்தது.

வாசலில் நின்ற தங்கையா தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஏழாம் நம்பர் காட்டுலங்கய்யா. அப்ப அது வெறும் சரிவு. செத்தவங்களை அங்கதான் புதைச்சாங்களாம். பிறகு அதுமேலயும் தேயிலை வச்சுட்டாங்க. எங்க அம்மா அங்க கொழுந்தெடுக்கப் போனா செருப்பைக் கழட்டிட்டுத்தான் இறங்குவா."

*

ஏழாம் நம்பர் காடு என்ற அந்தத் தேயிலைப் பகுதி பங்களாவுக்குக் கீழே, பத்து நிமிட நடையில் இருந்தது.

மாடத்தியம்மா செருப்பை ஓரமாக விட்டார். நயினார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன்னுடையதையும் கழற்றினார்.

ஒரு கல் இல்லை. ஒரு குறி இல்லை. இடுப்பளவு தேயிலை, சரிவு முழுக்க ஒரே பச்சை.

"இங்கதாங்கய்யா நானும் கடைசியா கொழுந்தெடுத்தது," என்றார் மாடத்தியம்மா. "பெருமழை. கரை சரிஞ்சு ஒரு செடி வேரோட வந்திருச்சு. வேருக்குள்ள ஒரு செப்பு வளையல் இருந்துச்சு."

"யாரோட வளையல்?"

"என் ரெண்டு விரல்தான் அதுக்குள்ள நுழைஞ்சது."

நயினார் தன் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பார்த்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"இருந்த இடத்துலயே வச்சு மண்ணைத் தள்ளி மூடினேன். கூடையை இறக்கி வச்சேன்."

நயினார் தன் கால்களைப் பார்த்தார். நாலைந்து அட்டைகள் ஏறியிருந்தன. ஒன்றைப் பிய்த்து எறிந்தார். ரத்தம் வழிந்தது. சட்டென்று திரும்பி மேட்டை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க?"

"அந்தப் படுபாவியைப் பார்க்க!"

*

துரையின் கல்லறை பங்களாவின் பின்பக்கம், மேட்டில் இருந்தது. கல்லில் பாசி பிடித்திருந்தது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் களை.

நயினார் அதன் முன்னால் நின்று கத்தினார்.

"மனுஷனாடா நீ? நாற்று பிடிச்சிருச்சுன்னு எழுதின கை, ஒரு பேர் எழுதலையே! உன்னைப் பத்தி முந்நூறு பக்கம் எழுதினேனே, என்னைச் சொல்லணும். அத்தனையும் கிழிச்சு உன்மேலயே போடறேன்."

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. திரும்பினார்.

மாடத்தியம்மா கல்லறையருகே குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா! என்ன செய்றீங்க?"

"மண்டிக் கிடக்குங்கய்யா."

"இவனுக்கா? இவனுக்கா செய்றீங்க?"

"இவருக்கு இங்க யார் இருக்கா?"

நயினாருக்கு அழுகை முட்டியது. இந்த அம்மாவிடம் இரண்டு வருடமாகப் பட்டதெல்லாம் சேர்ந்து வெடித்தது.

"உங்களுக்குக் கோபமே வராதா? உங்க சனங்க அங்க பேர்கூட இல்லாம கிடக்குறாங்க. ஊர்ல சிவனேன்னு இருந்தவங்க கிட்ட சோறு கிடைக்கும், துணி கிடைக்கும்னு ஆசை வார்த்தை சொல்லி, பிள்ளைகுட்டியோட இங்க கூட்டி வந்து..."

"துரைக்குத் தமிழ் தெரியுமாய்யா?"

"எங்க தெரியும்? கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கத்துக்கலை. சும்மா கேக்காதீங்க!"

மாடத்தியம்மா கையிலிருந்த களையின் மண்ணை உதறினார்.

"அப்ப ஆசை வார்த்தை சொன்னது யாருங்கய்யா?"

தூறல் மழையாகி, தேயிலை மேல் இறங்கும் சத்தம் கீழிருந்து கேட்டது.

நயினார் அந்தத் தலைப்பாகைக்காரரின் போட்டோ மாட்டியிருந்த பங்களாவின் பக்கம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நின்ற இடத்திலேயே நனைந்தார்.

கடைசியில் மாடத்தியம்மாவிடம் திரும்பினார்.

"நான் இப்ப என்னம்மா செய்யணும்?"

மாடத்தியம்மா நிமிரவில்லை.

"அந்தப் பக்கம் முள்ளுச் செடி கிடக்கு. கையைப் பார்த்துப் பிடுங்குங்க."