சோலைநாதரைக் காக்க வைத்த சூளைக்காரர்

ஆறு கடலோடு சேரும் கழிமுகநல்லூரில், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் செய்து வாழ்ந்தவர் பூவணர். பொழுது புலர்வதற்குள் கழியில் இறங்கிக் கிளிஞ்சல் வாருவார். கூடை நிறைந்ததும் கரையேறி, சூளையில் கரியையும் கிளிஞ்சலையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ மூட்டுவார். மாலை வரை துருத்தி மிதிப்பார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். நல்ல இளவயதிலேயே அவரைத் தாத்தா என்று கூப்பிட்ட பிள்ளைகள் உண்டு. அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொண்டதில்லை. சுட்டெடுத்த சுண்ணாம்பில் முதல் கூடையைக் கோயில் மதிலுக்கென்று ஒதுக்கி வைத்த பிறகே மற்றதை விற்பார்.

தை பிறந்துவிட்டால் அவருக்குக் கால் தரையில் பாவாது. விடங்கப் பாணரின் திருக்கூட்டம் வரும் மாதம் அது. யாழும் குழலும் மத்தளமும் சேகண்டியுமாகக் கடலோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நாள் தங்கி, சிவபெருமான் புகழைப் பாடிச் செல்லும் கூட்டம் அது. அவர்கள் பாடும் பாட்டுகள் அத்தனையும் பூவணருக்கு மனப்பாடம். பாணர் எந்த இடத்தில் கண்ணை மூடுவார், மத்தளக்காரர் எந்த இடத்தில் தலையை ஆட்டுவார் என்பது வரை அவருக்கு அத்துப்படி.

"நீங்க சாமிய நெனக்கிறீங்களா, பாணர நெனக்கிறீங்களா?" என்று மனைவி தையலம்மை கேலி செய்வார்.

"பாணரு பாடுனாத்தான் எனக்குச் சாமி மொகம் தெரியுது. நான் என்னா பண்ணட்டும்?" என்பார் பூவணர்.

இத்தனை அன்புக்கும் நடுவே ஒரு குறை இருந்தது. புகை தின்ற தொண்டை அவருடையது. வாயைத் திறந்தால் தேங்காய் துருவுவது போலிருக்கும். அது போதாதென்று தாளமும் தப்பும். பாணர் பாடி முடித்ததும் கூடியிருப்போர் எல்லாரும் ஒரே குரலில் "ஐயா போற்றி" என்று முழங்குவது வழக்கம். ஊரே சொல்லி ஓய்ந்த பிறகு, பின்வரிசையிலிருந்து கரகரவென்று தனியாக ஓர் "ஐயா போற்றி" வந்து சேரும். பாட்டு முடிந்துவிட்டது என்பதை அவர் மனம் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளாது. அதனால் வரும் தாமதம் அது. ஊர் கொல்லென்று சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

திருக்கூட்டத்தாருக்கு ஒரு நெறி இருந்தது. எந்த ஊருக்குள்ளும் அவர்கள் கேளாமல் நுழைவதில்லை. எல்லையில் நின்று சேகண்டியை மும்முறை தட்டுவார்கள். ஊரிலிருந்து சங்கு பதில் சொன்னால் உள்ளே வருவார்கள். சங்கு ஒலிக்கவில்லை என்றால் ஊரில் சாவு, கோயிலில் தீட்டு என்று பொருள். துக்கத்தில் இருப்பவர்களிடம் போய் ஏன் என்று கேட்பதும் பாவம் என்று, தலையைக் குனிந்தபடி ஊரைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கழிமுகநல்லூரில் எல்லையோரமாக இருந்தது பூவணரின் சூளை ஒன்றுதான். ஆகவே சங்கு ஊதும் பொறுப்பு அவருடையது. அந்தச் சங்கைத் தவிர வேறொரு பெருமை தமக்கு வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை.

அந்த ஆண்டு மழையில் பழைய சூளை இடிந்து போயிற்று. தாழம்புதருக்கு அப்பால் மேட்டில் புதுச்சூளை கட்டியிருந்தார். திருக்கூட்டம் வரவேண்டிய நாளன்று, சங்கைக் கழுவிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துருத்தியை மிதித்தபடி பாணருடைய பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கினார். அந்தப் பாட்டின் ஈற்றடியில் சேகண்டி மும்முறை ஒலிக்கும். கண்ணை மூடிப் பாடிக்கொண்டே அவர் ஈற்றடிக்கு வந்தார். சரியாக அந்த இடத்தில், எல்லையிலிருந்து மெய்யான சேகண்டி மும்முறை ஒலித்தது. தம் மனத்துக்குள் கேட்கும் சேகண்டிதான் அது என்று எண்ணிவிட்டார் பூவணர். 'ஆகா, இன்று எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது!' என்று பூரித்துப்போய், மறுபடியும் முதலடியிலிருந்து பாடலானார்.

எல்லையில் நின்றவர்கள் சங்கொலி வருமென்று காத்துப் பார்த்தார்கள். சங்கு வரவில்லை. தாழம்புதருக்கு அப்பால் புகை எழுந்தது, புகையிலிருந்து கரகரத்த குரல் ஒன்று இழுத்து இழுத்து வந்தது. அங்கே புதுச்சூளை வந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. பிணம் எரிகிறது, பெற்றவரோ உடன்பிறந்தவரோ ஒப்பாரி வைக்கிறார் என்று நினைத்தார்கள். விடங்கப் பாணர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வடக்கே நடந்தார். மற்றவர்களும் பின்தொடர்ந்தனர்.

பந்தல் போட்டு, பொங்கல் வைத்து, ஊர் முழுவதும் கோயில் வாசலில் காத்திருந்தது. உப்பு விற்று வந்த பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஒங்க ஊருல யாரு செத்தது? பாணரு கூட்டம் அழுதுகிட்டே வடக்கால போவுதே!" என்று கேட்டபோதுதான் நடந்தது விளங்கிற்று.

ஊர் சூளைக்கு ஓடியது. ஊர்த்தலைவர் மழவராயர் கோபத்தோடு முன்னே வந்தார். பூவணர் கையிலிருந்து சங்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒமக்கு இருந்தது ஒரே வேல. அதயும் பாடிக் கெடுத்தீரு. ஒம்ம குரலக் கேட்டா சாமியே காதப் பொத்திக்கும்யா! இனிமே இந்த ஊருல ஒம்ம பாட்டு கேக்கக் கூடாது."

பூவணர் சுண்ணாம்புத் தரையில் விழுந்து வணங்கினார். "கேக்காதுங்க. இனிமே நான் வாயத் தொறந்து பாட மாட்டேன். சாமி மேல ஆண" என்றார்.

அன்றைக்கு அவர் உண்ணவில்லை. தம்மை வைதார்கள் என்பதற்காக அவர் வருந்தவில்லை. தம்மால் ஓர் ஊரே பாட்டில்லாமல் போயிற்றே என்று உருகினார். திருக்கூட்டம் வடக்கே திருமூங்கிற்சோலையில் மாசித் திருவிழாவுக்குப் பாடிவிட்டுக் கலைந்துவிடும். அதன்பின் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்குள் அவர்களைப் பிடித்து, யாரும் சாகவில்லை என்று சொல்லி, திரும்ப அழைத்து வந்தே தீருவது என்று உறுதி கொண்டார்.

"சூளைய யாரு பாக்குறது?" என்றார் தையலம்மை.

"ஆறிப் போவட்டும்."

"அப்ப நானும் வரேன். தனியா வுட்டா வழியில எங்கனா பாட்ட நெனச்சுக்கிட்டு நின்னுடுவீங்க."

அவலும் கருப்பட்டியும் முடிந்துகொண்டு இருவரும் புறப்பட்டனர். வழிநெடுக ஒரே கதைதான். இவர்கள் போய்ச் சேரும் ஊரிலிருந்து திருக்கூட்டம் முந்திய நாள்தான் கிளம்பியிருக்கும். போதாக்குறைக்குக் கழிமுகநல்லூரின் துக்கம் கூட்டத்துக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. முதல் ஊரில், "ஒங்க ஊருல ஒரு பெரிய சாவாமே" என்று விசாரித்தார்கள். அடுத்த ஊரில் அதற்குக் கண் காது மூக்கு முளைத்து, கொள்ளைநோய் வந்து பாதி ஊர் போய்விட்டதாக ஆயிற்று. அதற்கும் அடுத்த ஊரில் ஒரு கிழவர் பூவணரின் வெளுத்த தலையையும் புருவத்தையும் பார்த்துவிட்டு, அவர் கைகளைப் பற்றிக்கொண்டு விம்மினார்.

"ஊரையே கடல் கொண்டு போயிடுச்சாமே! உப்பு பூத்துல்ல நிக்கிறீரு! நீங்க ரெண்டு பேரு மட்டும் எப்புடித் தப்புனீங்க?"

தையலம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அழுகிறார் என்று எண்ணி ஊர்ப்பெண்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தனர். பூவணர் ஒவ்வோர் ஊரிலும் கைகூப்பி நின்று, "யாரும் சாவலீங்க. கடலும் வரல. நான்தான் சங்கு ஊத மறந்துட்டேன்" என்று உள்ளதைச் சொன்னார். கேட்டவர்கள் முதலில் திகைப்பார்கள், பிறகு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். தம் பிழையை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவது எவருக்கும் எளிதன்று. அடியவருக்கு அது பெரிதாகப் படவில்லை. பிழையைச் சொல்லி முடித்ததும் ஆவலோடு, "நேத்து பாணரு என்ன பாட்டு பாடுனாரு?" என்று கேட்பார். அவர்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் மலரும்.

கால் வீங்கி, அவல் தீர்ந்து, திருமூங்கிற்சோலையை அவர்கள் அடைந்தபோது திருவிழாவின் கடைசி நாள் மாலையாகிவிட்டது. கோயிலுக்குள் எள் போட்டால் விழ இடமில்லை. பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. முண்டிப்போய்ப் பாணரிடம் பேசிவிடலாம் என்றார் தையலம்மை. "பாடுற வாய நிறுத்துறதா? அபசாரம்" என்று பூவணர் ஒரு தூணோரம் ஒதுங்கிக்கொண்டார். ஓராண்டாக ஏங்கியிருந்த குரல் காதில் விழுந்ததும் நடந்த களைப்பெல்லாம் எங்கோ போயிற்று. கண்ணீர் வழிய, இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

அந்தக் கோயிலில், பாட்டு முடிந்ததும் சோலைநாதர் திருமுன் தொங்கும் திரையை விலக்கித் தீபம் காட்டுவது முறை. பாணர் பாடி முடித்தார். "ஐயா போற்றி!" என்று கூட்டம் முழங்கிற்று. குருக்கள் திரைக்கயிற்றை இழுத்தார். திரை அசையவில்லை. இன்னொருவரும் சேர்ந்து இழுத்தார், அப்போதும் அசையவில்லை. தம் பாட்டில்தான் ஏதோ குற்றம் என்று பாணர் அஞ்சி, முதலடி தொட்டு மறுபடியும் பாடினார். கூட்டம் மறுபடியும் போற்றி முழங்கியது. திரை கல்லால் செய்தது போல நின்றது. அப்போது கருவறைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

"பாணா, பாட்டு இன்னும் முடியவில்லையே. கழிமுகநல்லூரில் கடைசியாக ஒரு குரல் வருமே, அது எங்கே? மற்றவர்கள் பாட்டு முடிந்தது என்று போற்றி சொல்கிறார்கள். முடியக் கூடாதே என்று சொல்கிறவன் அவன் ஒருவன்தான். இந்த ஆண்டு அதை யாம் இன்னும் கேட்கவில்லை. கேளாமல் திரை திறப்பதில்லை."

கேட்ட எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. விடங்கப் பாணர் தரையில் விழுந்து, "ஐயனே, அந்த ஊரு பெருந்துக்கத்துல கெடக்குதே! அவரு இருக்காரோ போயிட்டாரோ!" என்று அழுதார்.

"யாரும் சாவலீங்க!" என்று தூணோரத்திலிருந்து தையலம்மை கூவினார். "இந்தா நிக்கிறாரு, வாயப் பொத்திக்கிட்டு!"

கூட்டம் வழிவிட்டது. பூவணர் தலையை அசைத்து மறுத்தார். "வேணாம் தையலு. ஆண வச்சிருக்கேன்."

"யாரு மேல வச்சீங்க?"

"சாமி மேல."

"அந்தச் சாமிதானங்க கேக்குது!"

பூவணர் வாயிலிருந்து கையை எடுத்தார். "ஐயா போற்றி" என்றார். பல நாள் பாடாமல் கிடந்த குரல், முன்னைவிடக் கரகரத்தது. யாரும் கயிற்றைத் தொடவில்லை. திரை தானே விலகிற்று. சோலைநாதர் திருமுகம் தீப ஒளியில் விளங்கிற்று. பாணர் பாடினால்தான் சாமி முகம் தெரியும் என்று சொல்லி வந்தவர், தம் குரலுக்குத் திறந்த திருமுகத்தைக் கண்டு நின்றார்.

விடங்கப் பாணர் ஓடி வந்து அவர் கால்களைப் பற்றினார். "இந்தக் குரலு... இதத்தான அன்னிக்கு நாங்க ஒப்பாரின்னு நெனச்சோம்! பாட்டுக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தெரியாத நான் என்ன பாணன்? ஐயா, ஒங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

"எங்க ஊருக்கு வந்து பாடணும்" என்றார் பூவணர். வேறு ஒன்றும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாளே திருக்கூட்டம் தெற்கே திரும்பிற்று. வழியில் கழிமுகநல்லூருக்காக அழுத ஊர்கள் எல்லாம், செத்துப் பிழைத்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று கட்டுச்சோற்றோடு கூடவே கிளம்பிவிட்டன. விம்மிய கிழவரும் ஒரு மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டார். திருவிழாக் கூட்டத்தையும் விஞ்சிய கூட்டம் எல்லைக்கு வந்து நின்றதைக் கண்ட மழவராயர், நடந்ததைக் கேட்டறிந்து, பிடுங்கிய சங்கோடு பூவணர் காலில் விழ ஓடி வந்தார்.

பூவணர் பதறி அவரைத் தாங்கிக்கொண்டார். "அதெல்லாம் இருக்கட்டுங்க. பாணருக்குத் தொண்ட காஞ்சிருக்கு. மொதல்ல அவருக்கு மோரு குடுங்க."

அன்று மாலை கழிமுகநல்லூர்க் கோயிலில் விடங்கப் பாணர் பாடி முடித்தார். பல ஊர் மக்களும் கூடிப் போற்றி முழங்கினர். பிறகு எல்லாரும் பேசாமல் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தனர். பூவணர் வழக்கம்போலக் கண்ணை மூடிப் பாட்டுக்குள்ளேயே இருந்தார். தையலம்மை அவர் முழங்கையில் மெல்ல இடித்த பிறகுதான் அந்தக் குரல் வந்தது. அதைக் கேட்டுச் சிரித்தவர் அங்கு ஒருவரும் இல்லை. மழவராயர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இனிய குரல் படைத்தோர் பலர் பாடிய திருமுன்னில், இறைவன் காத்திருந்து கேட்டது புகை தின்ற தொண்டை ஒன்றைத்தான். அந்தப் பூவணரின் அன்பும், அவரை இடித்துப் பாட வைத்த தையலம்மையின் துணையும் நெடிது வாழ்க.