நிங்கம்மாவின் பக்கம்

கூடலூர் மலைச்சரிவில் உள்ள ஆசிரமம் ஒன்றில் நடந்தது இது. இதைச் சொல்பவர் பலர். சொல்லும் விதத்தில் வேறுபாடுகள் உண்டு. அவற்றை உரிய இடத்தில் குறிக்கிறேன்.

வழி தவறியவர்களையும் தம் ஊரை மறந்தவர்களையும் அந்த ஆசிரமம் வைத்துக் காத்து வந்தது. தலைவி சுபத்திரை அம்மை. அவருடைய சீடர் தெய்வசிகாமணி, தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையைவிட இருபது வயது மூத்தவர். ஆகவே சீடர் குருவை ‘அம்மா’ என்பார்; குரு சீடரை ‘ஐயா’ என்பார்.

ஆசிரமத்துக்கு ஓர் இணையதளம் அமைத்தவர் தெய்வசிகாமணிதான். காப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம்: முகம், கண்டெடுத்த இடம், உடுத்தியிருந்த உடை. தேடும் உறவினர் பார்த்து வந்து அழைத்துப் போக வேண்டும் என்பதே நோக்கம். தமிழ், மலையாளம், கன்னடம் என மூன்று மொழிகள். ஆனால் ஒருவருக்கு ஒரே முகவரி. திறப்பவரின் கைப்பேசி எந்த மொழியில் இருக்கிறதோ, அந்த மொழியில் பக்கம் தானே வந்து நிற்கும். இதில் அவருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

ஒரு காலை, காய்கறி லாரி ஓட்டும் பசவராஜ் கோபமாக வந்து நின்றார்.

“சாமி, நிங்கம்மா மகன் வரமாட்டேங்கறான்.”

நிங்கம்மா கன்னடம் மட்டுமே அறிந்த மூதாட்டி. பேருந்து நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டவர். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பேருந்தின் ஓசைக்கும் வாசலுக்கு ஓடினார். அண்மையில் ஓடுவதை நிறுத்திவிட்டார், உண்பதையும் குறைத்துவிட்டார். அவர் பேச்சிலிருந்து ஊரைக் கண்டுபிடித்து, மகன் மாதேசனுக்குப் பக்கத்தின் முகவரியை அனுப்பியவர் பசவராஜ்.

“ஏன் வரமாட்டானாம்?”

“அதுல அவ்வா, அவனோட அம்மா, இல்லையாம். வாசல் கேட்டு படம் ஒண்ணு, ‘சுஸ்வாகத’ன்னு வரவேற்பு எழுத்து, அவ்வளவுதானாம்.”

“படத்தைத் தனியாக அனுப்பியிருக்கலாமே?”

“அனுப்பினேன் சாமி. ‘அவ்வாவைக் காணோம்னு நான் ஒட்டின போஸ்டர்ல இருந்து எடுத்ததுதானே’ங்கறான். அந்தப் படத்தைக் காட்டியே முன்னாடி ரெண்டு பேரு அவனை மைசூருக்கும் ஊட்டிக்கும் அலைய விட்டிருக்காங்க. ஆசிரமத்துப் பக்கத்துல பாத்தாத்தான் நம்புவேன்னான். பாத்தான். இல்ல. இப்ப என் போனையே எடுக்கறதில்ல.”

தெய்வசிகாமணி தம் கைப்பேசியில் முகவரியைத் திறந்தார். நிங்கம்மா இருந்தார்.

“இதோ இருக்கிறாரே!”

பசவராஜும் தம்முடையதில் திறந்தார். ஆசிரமத்தின் வாசல் இருந்தது.

இரண்டு கைப்பேசிகளையும் அருகருகே பிடித்துப் பார்த்தார்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே முகவரி.

“உங்க போன்ல உக்காந்திருக்கற அவ்வா, என் போன்ல மட்டும் எங்க சாமி எழுந்து போயிட்டாங்க?”

தெய்வசிகாமணிக்கு ஒரு காரணம் தெரியும். நிங்கம்மாவின் கன்னடப் பக்கம் இன்னும் வெளியாகவில்லை. சேலையின் பாக்கு நிறத்துக்கு ஏற்ற சொல் எது என்று மைசூர்ப் புலவர் ஒருவரைக் கேட்டுக் காத்திருந்தார். அதுவரை கன்னடக் கைப்பேசியில் வருபவர்களை, வாசல் படம் போட்ட கன்னட முகப்புக்கு அனுப்பும்படி அமைத்திருந்தார். தெரியாத மொழியில் ஒருவரை எதிர்கொள்வது மரியாதையன்று என்பது அவர் கொள்கை. ஆகவே காரணம் தெரிந்தும் குற்றம் எங்கே என்று தெரியவில்லை.

அம்மையிடம் போனார். மூன்று முறை கேட்டார் என்பர் சிலர். ஒரே முறைதான் என்பர் சமையற்கட்டில் இருந்தவர்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை.

“அம்மா, தனித்தனியே பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சேர்ந்தால் ஒரு தாய் காணாமல் போகிறாள். பிழை எங்கே?”

“கிணற்றடியில் என் செம்பு இருக்கிறது. கொண்டு வாருங்கள்” என்றார் அம்மை.

செம்பு என்பது ஆசிரமத்தார் கூற்று. பசவராஜ் சொல்லும்போது அது மண்வெட்டியாகிறது.

தெய்வசிகாமணி புறப்பட்டதும் அம்மை சமையற்காரி குஞ்ஞம்மாவை அழைத்துக் காதில் ஏதோ சொன்னார். கிணற்றுக்குப் போகும் வழியில் குஞ்ஞம்மா கரண்டியோடு குறுக்கே வந்தாள்.

“சாரே, சார் தமிழ்தானே?”

“அதிலென்ன சந்தேகம்?”

“தமிழ் ஆளுங்களுக்கு அந்த வழி.” கையைப் பிடித்து வெளிவாசல் வரை கூட்டிப்போய், எதிரே நின்று கும்பிட்டாள். “வருக, வருக.”

“எனக்குச் செம்பு வேண்டும், குஞ்ஞம்மா.”

“வருக, வருக.”

அவர் விறகுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனார். அங்கும் குஞ்ஞம்மா நின்றாள். மீண்டும் வாசல். மீண்டும் கும்பிடு. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வெறுங்கையோடு திரும்பினார்.

“அம்மா, குஞ்ஞம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. எதற்கு வந்தேன் என்று கேட்பதே இல்லை. நான் யார் என்று பார்த்துவிட்டு வாசலுக்கே திருப்பி அனுப்புகிறார்.”

“மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாரா?”

“இல்லை. மிகுந்த மரியாதையோடுதான்...”

வாக்கியம் அங்கேயே நின்றது. தம் கைப்பேசியைப் பார்த்தார். பிறகு கணினி இருந்த அறைக்குப் போனார்.

பிற்பகல் வரை வெளியே வரவில்லை. ஒவ்வொரு மொழிப் பக்கத்துக்கும் தனி முகவரி கொடுத்தார். எந்த முகவரியை யார் திறந்தாலும் அதே பக்கம்தான் வரும். மற்ற மொழிகளின் பெயர்கள் கீழே இருக்கும். வேண்டியவர் தொட்டு மாறிக்கொள்ளலாம். அம்மையிடம் வந்து விளக்கினார். ஆனால் முகத்தில் தெளிவில்லை.

“இன்னும் என்ன, ஐயா?”

“இனி அனுப்பும் முகவரிகளுக்குக் குறையில்லை. மாதேசன் கையில் இருப்பது பழைய முகவரி. அவன் நம் அழைப்பை எடுக்கவும் மாட்டான். என்றைக்காவது மறுபடி அதைத் தொட்டால் உண்டு.”

“தொடுவான். தேடுகிறவன்.”

“தொட்டால் எங்கே கொண்டுபோய் விடுவது? கன்னடப் பக்கம் இல்லை. மைசூரிலிருந்து விடை வரவில்லை. அரைகுறைக் கன்னடத்தில் எழுதி வைக்கவா? வெற்றுப் பக்கத்தைக் காட்டவா? தமிழ்ப் பக்கத்துக்கு அனுப்பினால் அவனுக்கு ஓர் எழுத்தும் விளங்காது. அவனுடைய மொழியில் அவனை வரவேற்கக்கூட முடியாத இடத்தில் தாயை வைத்திருக்கிறோம் என்று நினைக்கமாட்டானா? எனக்கு ஒன்றும் புரியவில்லை, அம்மா.”

அம்மை முற்றத்தைப் பார்த்தார். அங்கே நிங்கம்மா தட்டில் இருந்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அந்த முகம் எந்த மொழியில் எழுதியிருக்கிறது, ஐயா?”

தெய்வசிகாமணி திரும்பிப் போய், பழைய முகவரியைத் தமிழ்ப் பக்கத்தோடு இணைத்தார்.

மாதேசன் அன்று மாலையே அதைத் தொட்டான் என்பது ஆசிரமத்தார் கூற்று. இரண்டு நாள் கழித்து, அந்தச் செய்தியை அழிப்பதற்காகத் திறந்தபோது கை பட்டுவிட்டது என்பது மாதேசனே சொன்னது. குண்டல்பேட்டைப் பேருந்திலிருந்து இறங்கியவன், வரவேற்க நின்றவர்களைக் கடந்து நேரே முற்றத்துக்கு ஓடினான். தெய்வசிகாமணி அவனுக்காகப் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த கன்னட வரவேற்புரை அவர் வாயிலேயே நின்றுவிட்டது.