வடித்துக் கொட்டியது

“மேடம், ஒண்ணும் பிடிபடலை” என்று வந்து நின்றார் சிதம்பரதாணு.

புற்றுநோய் அறுவை மருத்துவர். ஊரே கும்பிடும் கை. ஐம்பது தாண்டியபின் ஆராய்ச்சிப் பித்துப் பிடித்து, தன்னைவிட இளையவரான பேராசிரியர் கோதையிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். ஆசை யாரை விட்டது!

“என்ன டாக்டர்?”

“பரிபூரணம்னு ஒரு அம்மா. மார்புப் புற்று. அவங்க அம்மாவும் அக்காவும் அதுலேயே போயாச்சு. ‘எனக்கு வந்தது வந்தாச்சு, என் மகளுக்கு வருமா?’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறாங்க. புரதம் செய்யற மரபணு ஒண்ணு விடாமப் படிச்சுட்டேன். எல்லாம் சரியா இருக்கு. மக வெளியே உக்காந்திருக்கா. ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பிடறேன்.”

கோதை கையைக் காட்டி நிறுத்தினார்.

“கட்டியில இருந்து ஆர்.என்.ஏ. எப்படிப் பிரிச்சீங்க? செஞ்சு காட்டுங்க.”

செய்தார். கட்டித் துணுக்கைக் கரைத்த நீரை, வடிகட்டி பொருத்திய சின்னக் குழாயில் விட்டுச் சுழற்றினார். ஒட்டியது மேலே நின்றது. மிச்சம் கீழே வடிந்தது. வடிந்ததைக் கழிவுக் குப்பியில் கவிழ்க்கப் போனார். அந்தக் கையில்தான் என்ன நறுவிசு!

கோதை அந்த மணிக்கட்டைப் பிடித்தார்.

“இது என்ன?”

“கழிவு, மேடம்.”

“யார் சொன்னா?”

“சோதனைப் பெட்டியோட வந்த தாள்லயே போட்டிருக்கே.”

“வடிகட்டி எதைப் பிடிக்கும்?”

“நீளமான ஆர்.என்.ஏ.வை.”

“குட்டையானது?”

“கீழே போயிடும். அது புரதம் எதையும் செய்யாதே, மேடம்.”

“செய்யாது. புரதம் செய்யறவனை, போதும் நிறுத்துடான்னு அதட்டும்.”

சிதம்பரதாணு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மரபணுவுல ஆளுக்கு ஆள் ஒண்ணு ரெண்டு எழுத்து மாறத்தான் செய்யும். அந்த மாற்றம் இந்தக் குட்டையனை எழுதற இடத்துல விழுந்தா?”

“அதட்டற குரல் கம்மிப்போகும். செல்லு நிக்காமப் பெருகும்.”

“உங்க வீட்டுல சோறு வடிச்சா, கஞ்சியை என்ன செய்வாங்க?”

“உப்புப் போட்டுக் குடிப்போம். கொட்டினா அம்மா தொலைச்சுப்போடுவா” என்றவருக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப, பரிபூரணம் அம்மாவுக்கு வந்தது இதனாலதானா?”

“எனக்குத் தெரியாது.”

சிதம்பரதாணு குழாயைப் பத்திரமாக மூடிப் பனிப்பெட்டியில் வைத்தார். பிறகு, தயங்கித் தயங்கி வெளியே போனார். இத்தனை வருஷத் தொழிலில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

பரிபூரணத்தின் மகள் ஜெனிட்டா எழுந்து நின்றாள். “என்ன டாக்டர், ஒண்ணுமில்லைதானே?”

“தெரியலைம்மா. பாக்க வேண்டிய இடத்தை நான் இன்னும் பாக்கவே இல்லை. இனிமேதான் பாக்கணும். நீயும் வருஷம் தவறாம பரிசோதனைக்கு வரணும்.”

திட்டுவாள் என்று நினைத்தார். அவளோ, பெரிய பாரத்தை இறக்கிவைத்தவள்போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“அப்பாடா! எங்க பாட்டிக்கும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க டாக்டர். பெரியம்மாவுக்கும் அதையேதான் சொன்னாங்க.”