நிறம் திரும்ப ஒரு மருந்து

ஜமீன் வீட்டு மருமகள் சொர்ணத்துக்குக் குழந்தை இல்லை. அந்தக் கோபத்தில் மாமியார் நாச்சியார் அவளை மிளகாய்க் களத்தில் காவலுக்கு நிறுத்தினாள். இரண்டு கோடையில் சொர்ணத்தின் முகமும் கையும் கருகிப்போயின.

அவளுடைய அப்பா வருவதாகக் கடிதம் வந்தது. நாச்சியார் பதறிப்போய் வேலைக்காரி வெள்ளத்தாயைக் கூப்பிட்டாள்.

“இருபது நாளில் இவ நிறம் திரும்பணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல.”

“தயிரும் கடலைமாவும் பூசுறேன் நாச்சியார். ஆனா இவங்க மேல வெயில் படக்கூடாது.”

கருமை பாதி மங்கியது. வந்தவரிடம் நாச்சியார் பெருமையாக, “லேசா கறுத்திருந்தா. வெள்ளத்தாயி, என்ன மருந்துன்னு சொல்லுடி,” என்றாள்.

“பூச்சு கொஞ்சம்தான்யா. இருபது நாளா மிளகாய்க் களத்துக்கு அனுப்பல. அதான் மருந்து.”

அப்பா மகளை அப்போதே வண்டியில் ஏற்றினார்.

“காட்டிக்கொடுத்துட்டியேடி!” என்று கத்தினாள் நாச்சியார்.

“மருந்தைச் சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்,” என்ற வெள்ளத்தாய், தன் துணிமூட்டையோடு வெயிலில் இறங்கி நடந்தாள்.