தலைவர் மேல் ஒரு பிழை

தமிழ் விசைப்பலகைச் செயலி ஒன்றைத் தன்னார்வலர்கள் கூடி இலவசமாக உருவாக்கி வந்தார்கள். தலைவர் திருமாறன். அவர் ‘சரி’ சொல்லாமல் எந்தத் திருத்தமும் செயலிக்குள் நுழையாது. அவரோ வந்த திருத்தங்களைத் திறந்தே பார்ப்பதில்லை.

ஒருநாள் குழு அழைப்பில் சீறினார்: "மலை மாதிரி பிழை குவிஞ்சு கிடக்கு! புதுசா வந்த பொற்கொடிதான் பொறுப்பு. ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் சரிபண்ணி மூடணும். முடியலைன்னா குழுவை விட்டுக் கிளம்பு!"

பொற்கொடி பிழைப் பட்டியலைத் திறந்தாள். எல்லாப் பிழைக்கும் யாராவது திருத்தம் அனுப்பித்தான் இருந்தார்கள். எல்லாம் திருமாறன் வாசலில் தவம் கிடந்தன. அவள் அந்தப் பட்டியலிலேயே புதுப் பிழை ஒன்றைப் பதிந்து எல்லோருக்கும் காட்டினாள்.

"பிழை: திருமாறன் அண்ணா. பிழையை வரவழைக்கும் வழி: திருத்தம் அனுப்பவும். நடக்க வேண்டியது: பதில். நடப்பது: மௌனம்."

"இதெல்லாம் ஒரு பிழையா? மூடு!" என்று குதித்தார் அவர்.

"மூடிடலாம்ணா. ஒரு பிழை வேற யாருக்கும் வரலைன்னாதான் மூடணும்னு நீங்கதானே விதி போட்டீங்க?"

"எனக்கும் வருதுப்பா" என்றார் குழுவிலிருந்த மதுரைக்காரர். "எனக்கு ரெண்டு வருஷமா வருது" என்றார் கனடாக்காரர். "எனக்கும், எனக்கும்" என்று அழைப்பே அதிர்ந்தது.

முகம் சுருங்கிய திருமாறனுக்குக் கடைசியில் சிரிப்பே வந்துவிட்டது. இன்னும் இருவருக்கு ‘சரி’ சொல்லும் உரிமையைக் கொடுத்தார். மடை திறந்தது. ஞாயிறன்று ஒரே ஒரு பிழைதான் பாக்கி.

பொற்கொடி அவருக்கு ஒரு திருத்தம் அனுப்பிப் பார்த்தாள். டீ ஆறுவதற்குள் ‘சரி’ வந்தது. உடனே பதிந்தாள்:

"அண்ணா இப்போது நன்றாக இயங்குகிறார். பிழை மூடப்பட்டது."